கதவு தெரிஞ்ச ஆளு

"ஆறு மாசத்துல இந்தத் தெருவுக்குக் குழாய் வரலைன்னா, என் வீட்டுக் கதவை உடைங்கப்பா!"

ஜட்கா வண்டியில் நின்றபடி மைக்கில் கத்தினார் அப்பாதுரை. அறுபத்தொன்பதாம் வருஷத்து நகரசபைத் தேர்தல். காஞ்சிபுரத்தின் அந்த நெசவாளர் தெருவே விசிலடித்தது.

மகள் கல்யாணத்துக்குப் பட்டுச் சேலை சொல்ல எல்லம்மாள் வீட்டுக்கு வந்திருந்த கலியாணசுந்தரத்துக்கு எரிச்சலாக வந்தது. ஊருக்குக் குழாய் போடுகிற ஆபீஸில் அவர் ஹெட்கிளார்க்.

"இந்த வாய்ச்சவடாலுக்கா ஓட்டுப் போடப்போறே, எல்லம்மா?"

"ஆமா சார்." ராட்டையில் நூல் சுற்றிக்கொண்டே சொன்னாள் எல்லம்மாள்.

"கத்தினா குழாய் வந்துடுமா? எஸ்டிமேட் போடணும், மெட்ராஸ்ல சாங்ஷன் வாங்கணும். எதிர்த்து நிக்கிற வக்கீல் அதையெல்லாம் எவ்வளவு பொறுமையா எடுத்துச் சொன்னார்!"

"நல்லாத்தான் சொன்னாரு. அரை மணி நேரம் நின்னுக்கினு கேட்டேன். தண்ணி எப்போ வரும்னு மட்டும் அதுல இல்ல."

"அப்போ அப்பாதுரை சொல்றதை நம்பறே?"

"நம்பல சார்."

"பின்னே?"

ராட்டை நின்றது.

"விடிஞ்சா வேகவதி ஆத்துல ஊத்து தோண்டிக்கினு உக்காந்திருக்கோம். ஒரு குடம் ரொம்பறதுக்கு ஒரு மணி நேரம். மூணு வருஷம் முன்ன தெருவே கைநாட்டு வெச்சு மனு குடுத்தோம். படிச்சாங்களா, கிழிச்சாங்களா, ஒண்ணும் தெரியல. யாரைப் போய்த் திட்றதுன்னுகூடத் தெரியல சார். இந்தாளு கதவு எங்க இருக்குதுன்னாவது தெரியுமே!"

கலியாணசுந்தரம் சேலைக்கு நிறம்கூடச் சொல்லாமல் எழுந்து போய்விட்டார்.

அப்பாதுரை ஜெயித்தார். ஐந்தாம் மாசமே தெருவில் குழாய் வந்துவிட்டது. மேளம் கொட்டி அவருக்கு மாலை போட்டார்கள்.

"பாத்தீங்களா சார்? என்னமோ வாய்ச்சவடால்னீங்களே!" நிறைகுடத்தை இடுப்பில் ஏற்றியபடி, குழாயைப் பார்க்க வந்திருந்த கலியாணசுந்தரத்திடம் சிரித்தாள் எல்லம்மாள்.

"நான்தாம்மா தப்பா பேசிட்டேன்."

அவள் நகர்ந்ததும், கூட வந்திருந்த பியூன் முனுசாமிக்குப் பொறுக்கவில்லை.

"என்னா சார் இது? தேர்தலுக்கு முன்னாடியே இவங்க மனுவைத் தூக்கிக்கினு இன்ஜினீயர் வீட்டுக்கும் மெட்ராசுக்கும் அலைஞ்சது நீங்க. மாலை மட்டும் அவருக்கா? போய்ச் சொல்லுங்க சார்!"

"சொல்லலாம் முனுசாமி. அதுக்கு முன்னால மூணு வருஷம் அது என் மேஜை டிராயர்லதான் கிடந்ததுன்னும் சேர்த்துச் சொல்லணும்."



கலியாணசுந்தரம் சைக்கிளை எடுத்தார்.

"சீக்கிரம் வா. அதே டிராயர்ல இன்னும் ஆறு தெரு மனு இருக்கு."