அவருக்குப் பிடிச்சது

"அம்மா, பையில என்ன?"

அம்மா பையை மடியோடு அணைத்துக்கொண்டாள். மகன் விடவில்லை. பிடுங்கித் திறந்து பார்த்தவனுக்கு முகம் வெளிறிவிட்டது.

விஸ்கி. ஆந்தைப் படம் போட்ட லேபிள். சீல்கூட உடைக்காத முழு பாட்டில்.

"உனக்கென்ன புத்தி கெட்டுப் போச்சா? ஆஸ்பத்திரிக்கு இதை எடுத்துட்டு வந்திருக்க! அப்பாவை இந்தக் கட்டில்ல கொண்டாந்து போட்டதே இந்த ஆந்தைதானே?"

"மெதுவாப் பேசுடா."

மெதுவாகப் பேசி என்ன பயன்? பக்கத்துக் கட்டில் நோயாளிக்குத் துணையிருந்த பெண்மணி எல்லாவற்றையும் பார்த்தாயிற்று. "கட்டின பொண்டாட்டியே இப்படியா!" என்று சுவரைப் பார்த்துச் சொன்னாள். சுவருக்கு மட்டும் கேட்கிற மாதிரி அவள் சொல்லவில்லை.

மகன் அம்மாவின் கையைப் பிடித்து வராந்தாவின் கோடிக்கே இழுத்துக்கொண்டு போய்விட்டான்.

அப்பாவுக்கு ஈரல் போய்விட்டது. இன்றோ நாளையோ என்று டாக்டர் சொல்லி மூன்று நாளாகிறது. நினைவு வருவதும் போவதுமாக இருந்தது. தண்ணீர்கூட விழுங்க முடியாது. உதடு வெடித்து, நாக்கு காய்ந்து கிடந்தார். பஞ்சு சுற்றிய குச்சியைத் தண்ணீரில் நனைத்து வாயில் வைக்கப் போனால், முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

காலையில் நர்ஸ்தான் சொன்னாள். "அவருக்குப் பிடிச்சது எதுவா இருந்தாலும் கொண்டாங்க. குச்சியில தொட்டு நாக்குல வெச்சுப் பார்க்கலாம். சில பேர் அதுக்கு வாயைத் திறப்பாங்க."

மகன் காபி வாங்கி வந்தான். திறக்கவில்லை. ஆப்பிள் ஜூஸ் வாங்கி வந்தான். அதற்கும் இல்லை. இரண்டுமே மகனுக்குப் பிடித்தவை. அம்மா பையை எடுத்துக்கொண்டு வெளியே போனவள், இரண்டு மணி நேரம் கழித்து இப்படித் திரும்பி வந்திருக்கிறாள்.

"நீயே கடைக்குப் போய் வாங்கினியா?"

"ஆமா. எல்லாரும் வேடிக்கை பார்த்தாங்க. பார்த்துட்டுப் போகட்டும்."

அவனால் நம்பவே முடியவில்லை. இந்த ஆந்தையால் அந்த வீட்டில் நடக்காத சண்டை இல்லை. ஒரு வருஷம் முழுக்க அப்பாவோடு பேச்சை நிறுத்திவிட்டு, "உங்கப்பாவைச் சாப்பிட வரச் சொல்லு" என்று அவனையே தூது விட்டவள்.

"இத்தனை வருஷம் கரிச்சுக் கொட்டிட்டு, இப்ப நீயே ஊத்திக் குடுக்கப் போறியா? எதுக்கும்மா?"

அம்மா பாட்டிலை அவன் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள்.

"உங்கப்பாவை நான் ஏமாத்திட்டேன்டா."

"என்ன சொல்ற?"

"நீ காலேஜ் சேர்ந்த வருஷம் முதல் தடவை ஈரல் வீங்கிச்சே, அப்போலேருந்து. பாட்டிலைத் திறந்து வெச்சுட்டு அவர் ஆபீஸ் போனதும், பாதியை சிங்க்ல கொட்டிட்டுத் தண்ணி ஊத்திடுவேன். ரிட்டயர் ஆனப்புறம், அவர் குளிக்கப் போற நேரம். கலர் வெளுத்துடும் இல்ல? அதுக்குக் கொஞ்சம் டீத்தண்ணி. ஒரு பாட்டில் விட்டதில்லை. பதினாறு வருஷம்."

மகனுக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. அப்பா எத்தனை பேரிடம் பீற்றிக்கொண்டிருக்கிறார்! 'நமக்கு ஆந்தைதான். ஓசியில குடுத்தாலும் வேற எதையும் தொடமாட்டேன். நாலு பெக் உள்ள போனாலும் நிதானம் தப்பாது.' சொல்லும்போது மீசையை வேறு தடவிக்கொள்வார்.

"ஆந்தை ஆந்தைன்னு அவர் பீத்திக்கிறப்போ நானும் கேட்டுட்டு நின்னவதான்" என்றாள் அம்மா. "பாவம், அவருக்கு என்ன தெரியும்? அஞ்சு வருஷம் தாங்கினாப் பெரிசுன்னு டாக்டர் கெடு வெச்சார். பதினாறு வருஷம் இருந்துட்டார். செஞ்சது தப்புன்னு சொல்லமாட்டேன். ஆனா ஆசைப்பட்டுக் குடிச்ச மனுஷன்டா. டீத்தண்ணியைக் குடுத்தே அனுப்பிட்டோமேன்னு நான் காலம்பூரா கிடந்து வேகணும். போறதுக்குள்ள ஒரு சொட்டாவது கலப்படம் இல்லாம குடுத்துடறேன்."

அம்மா பாட்டிலோடு கட்டிலை நோக்கி நடந்தாள். மகனும் பின்னாலேயே போனான்.

நர்ஸ் பாட்டிலைப் பார்த்தாள். டாக்டரிடம் போய்க் கேட்டுவிட்டு வந்தாள். "நாக்குல ஒத்தறதுதானே, குடுக்கலாம்னு சொல்லிட்டார்மா."

அம்மாவுக்குச் சீலைத் திருகித் திறந்து பழக்கமில்லை. மகன்தான் திறந்து கொடுத்தான். பக்கத்துக் கட்டில் பெண்மணி முகத்தைச் சுளித்துக்கொண்டு திரும்பி உட்கார்ந்தாள்.

அம்மா குச்சியை நனைத்துக்கொண்டு குனிந்தாள்.

"என்னங்க... உங்க ஆந்தைங்க. கொஞ்சம் வாயைத் திறங்க."

மூன்று நாளாகத் திறக்காத வாய் மெல்லத் திறந்தது. பஞ்சு நாக்கில் பட்டது. அம்மா மூச்சைக்கூட விடாமல் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அப்பாவின் நெற்றி சுருங்கியது. தலையைத் திருப்பிக்கொண்டார்.

அம்மா இடிந்துபோய் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டாள். "இதுவும் வேணாமா? நான் ரொம்ப லேட்டாக் கொண்டாந்துட்டேனா?"

அப்பாவின் கை போர்வைக்கு மேல் தடவித் தடவி அவள் விரலைப் பிடித்தது. கண்ணைத் திறக்காமலே முனகினார்.

"காட்டமா இருக்குடி... நீ டீத்தண்ணி கலந்து வெப்பியே... அது இருந்தா குடு."