கேப்டன் பிழைப்பாரா?

மாமியார் கையில் காபியோடு கட்டிலருகே வந்து நின்றதைப் பார்த்ததும் மருமகள் பதறி எழப்போனாள். கல்யாணமான ஆறு வருஷத்தில் இப்படி ஒரு காட்சியை அவள் கனவில்கூடக் கண்டதில்லை.

"எழுந்திருக்காதேம்மா. சூடா இருக்கு, மெதுவா குடி," என்றார் மாமியார். "அது சரி, அந்தக் கேப்டன் பிழைப்பாரா, மாட்டாரா?"

அதானே பார்த்தேன் என்று நினைத்துக்கொண்டாள் மருமகள்.

'ஏழாவது கப்பல்' என்கிற விண்வெளித் தொடர் நாலு வருஷமாக ஊரையே பைத்தியம் பிடிக்க வைத்திருந்தது. அந்தக் கப்பலின் கம்ப்யூட்டருக்குத் தமிழில் டப்பிங் பேசுகிறவள் இந்த வீட்டு மருமகள். ஞாயிற்றுக்கிழமை கடைசிப் பகுதி. முடிவு தெரிந்த ஜீவன் வீட்டுக்குள்ளேயே நடமாடினால் சும்மா விடுவார்களா?

"ஒப்பந்தத்துல கையெழுத்துப் போட்டிருக்கேன் அத்தை. வாயைத் திறந்தா வேலை போயிடும்."

"ஐயோ, அப்ப சொல்லவே சொல்லாதே. நீ காபியைக் குடி."

அந்த வாரம் முழுக்க அவள் வைத்ததுதான் சட்டம். சாப்பிட்ட தட்டை அப்படியே விட்டுவிட்டு எழுந்து போகும் கணவன், பாத்திரம் கழுவும் தொட்டி எந்தப் பக்கம் இருக்கிறது என்று முதன்முதலாகக் கண்டுபிடித்தான். மாமனார் டி.வி. ரிமோட்டையே அவள் கையில் ஒப்படைத்தார். எதிர் வீட்டு டீச்சர் போன மழைக்கு இரவல் வாங்கிய குடையைத் தானாகக் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, "கேப்டன் மனுஷனா, ரோபோவா? தலையை மட்டும் ஆட்டுங்க போதும்," என்று அரை மணி நேரம் வாசலில் நின்றார்.

எல்லாரையும்விட மாமியார்தான் மோசம். காலையில் காபி, மதியம் "போய்ப் படு, நான் பார்த்துக்கறேன்", சாயங்காலம் நறுக்கிய பழம். ஒவ்வொன்றின் வாலிலும் ஒரு கேள்வி தொங்கும்.

"கேப்டனோட தம்பி கடைசியில யாரைக் கட்டிக்குவான்?"

"அத்தை, அவன் முதல் வருஷமே செத்துட்டான்!"

மாமியார் ஒரு நொடி விழித்தார். "செத்துட்டானா? அதான் எனக்குச் சந்தேகமா இருக்கு."

மாமனார் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். "அடேயப்பா! ஆமா, உடம்பைக் காட்டவே இல்லையே! இது எனக்குத் தோணாமப் போச்சே!"

ஒரு மணி நேரத்தில் அது ரசிகர் குழுவில் ஏறிவிட்டது. நானூறு பேர் ஆமாம் போட்டார்கள். தம்பி எந்தக் கோளில் ஒளிந்திருக்கிறான் என்று ஒரு புண்ணியவான் வரைபடமே போட்டு அனுப்பினான். அவனவனுக்கு வேலைவெட்டி இருந்தால்தானே!

இத்தனை உபசாரத்தையும் வாங்கிக்கொண்ட மகராசிக்கோ முடிவு தெரியாது. கடைசிப் பகுதிக்கு அவள் வேண்டாம் என்று பத்து நாளைக்கு முன்பே ஸ்டுடியோவில் கூப்பிட்டுச் சொல்லிவிட்டார்கள். கம்ப்யூட்டர் பாத்திரத்துக்கு இனிமேல் நிஜக் கம்ப்யூட்டரே பேசுமாம். விஞ்ஞானம் வளர்ந்துவிட்டதாம், கோபித்துக்கொள்ளக் கூடாதாம்.

வேலை போன வெட்கத்தில், "ரெக்கார்டிங் முடிஞ்சது, இனி லீவு," என்று வீட்டில் சொல்லிவைத்தாள். ஞாயிறு ஏழு மணிக்கு டி.வி.யில் வேறு குரல் கேட்டதும் குட்டு உடைந்துவிடும். கூடத்தில் இருக்கிற அத்தனை பேரும் திரும்பித் தன் முகத்தைப் பார்ப்பார்களே என்று அவள் நாளை எண்ணிக்கொண்டிருந்தாள்.

ஞாயிறு வராமல் இருக்குமா? வந்தது. டீச்சர் குடும்பம், கணவனின் ஆபீஸ் நண்பர்கள் என்று கூடத்தில் கால் வைக்க இடமில்லை. கேப்டன் சாவார் என்று ஒரு கட்சியும் சாகமாட்டார் என்று ஒரு கட்சியும் கையை நீட்டிச் சண்டை போட்டுக்கொண்டிருந்தன. ஏழுக்கு ஐந்து நிமிஷம் இருந்தது.

"எங்கே போயிட்டே? உன் குரல் வரப்போகுது, வா வா!" என்று கணவன் பெருமையாகக் கத்தினான்.

அவள் சமையலறைக்குள் ஓடினாள். அங்கே மாமியார் வந்தவர்களுக்கு டீ வடிகட்டிக்கொண்டிருந்தார்.

"அத்தை, எனக்கு முடிவு தெரியாது. என்னை வேலையை விட்டு எடுத்துட்டாங்க. இன்னைக்கு என் குரலே வராது. உங்க எல்லாரையும் ஏமாத்திட்டேன்," என்று சொல்லி முடிப்பதற்குள் பொலபொலவென்று அழுதுவிட்டாள்.

மாமியார் வடிகட்டியைக் கீழே வைத்தார். "தெரியும்."

"தெரியுமா?"

"உங்க சவுண்ட் என்ஜினியர் அன்னைக்கே வீட்டுக்கு போன் பண்ணினார். அழுதுகிட்டே கிளம்பினாங்க, பத்திரமா வந்து சேர்ந்துட்டாங்களான்னு கேட்டார். நீ சிரிச்ச முகத்தோட உள்ளே வந்து லீவுன்னு சொன்னே. சரி, நீயா சொல்றப்ப சொல்லட்டும்னு விட்டுட்டேன்."

மருமகளுக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "எல்லாம் தெரிஞ்சுகிட்டே தினமும் முடிவைக் கேட்டு என் உயிரை எடுத்தீங்களே! அப்படி என்ன அத்தை, அந்த சீரியல் மேல பைத்தியம்?"

மாமியார் கைத்துண்டை எடுத்து அவள் முகத்தைத் துடைத்துவிட்டார்.

"ஒண்ணும் கேட்காம சும்மா காபி கொடுத்தா நீ வாங்கிக் குடிச்சிருப்பியா? நான் அந்த சீரியலை ஒரு நாள்கூடப் பார்த்ததில்லடி."