பாய்லர் பரீட்சை

"மூணு தடவை ஃபெயில், ஹில்டா! மூணு தடவை! ஸ்கூல்லகூட நான் இவ்வளவு ஃபெயில் ஆனதில்ல!"

சிரில் ஹாலம் டோஸ்டுக்கு வெண்ணெய் தடவுகிறேன் பேர்வழி என்று அதைக் கத்தியால் குத்திக் கொண்டிருந்தார்.

"அதுக்கு டோஸ்ட் என்ன பண்ணும், பாவம்?" என்றாள் அவர் மனைவி ஹில்டா. "ஏற்கெனவே கருக்கி வச்சிருக்கே."

அன்றைக்குக் காலைச் சாப்பாடு சிரிலின் கைவண்ணம். முந்தின நாள் பாத்திரங்களைக்கூட அவரே கழுவி வைத்திருந்தார். எப்போதும் மழை தூறும் பெல்பர் ஊரில் அன்று வெயில் அடித்ததற்கு அதுதான் காரணம் என்று ஹில்டா நினைத்துக் கொண்டாள்.

ஒன்பது வருஷமாகத் தோட்டத்து ஷெட்டில் இரும்பு கடையும் லேத்தும் தானுமாகக் கிடந்து, முழங்கால் உயரத்துக்கு ஒரு நீராவி ரயில் எஞ்சின் செய்திருக்கிறார் சிரில். சின்னதுதான், ஆனால் நிஜமாகவே ஆளை ஏற்றி இழுக்கும். நாளை ஞாயிற்றுக்கிழமை, மாடல் எஞ்சின் கிளப்பில் இந்த வருஷத்தின் கடைசி ஓட்டம். அதை விட்டால் குளிர்காலம் முடிந்துதான். எழுபத்து நாலு வயதில் அடுத்த வருஷத்தை நம்பி எதையும் தள்ளிப்போட அவருக்குப் பயமாக இருந்தது. ஆனால் கிளப் இன்ஸ்பெக்டர் பாய்லரைச் சோதித்துக் கையெழுத்துப் போடாமல், எஞ்சின் தண்டவாளத்தில் ஏறக்கூடாது.

"முதல் தடவை, ஓரத்துல ஒரு பொட்டுத் தண்ணி கசியுதாம். ஒரு பொட்டு! என் மூக்கே அதைவிட அதிகமா கசியும். ரெண்டாவது தடவை, மீட்டர் முள்ளு மயிரிழை இறங்கிடுச்சாம். மூணாவது தடவை, சேஃப்டி வால்வு கொஞ்சம் லேட்டா திறந்துச்சாம். அது மனுஷப் பிறவியே இல்ல ஹில்டா, பிசாசு!"

"வீட்டுல இன்ஸ்பெக்டர் பேச்சு வேண்டாம்னு சொல்லியிருக்கேன்ல?"

"உன்கிட்ட சொல்லாம வேற யார்கிட்ட சொல்லி அழறது?"

"நான் யார்கிட்ட போய் அழறது? நான் கேக் சுடுற ஓவன்ல நீ பெயின்ட் அடிச்ச சக்கரத்தைக் காய வைக்கிறே. நேத்து சாப்பாடு பூரா பெயின்ட் நாத்தம். கார்ப்பெட்ல கால் வச்சா இரும்புச் சுருள் குத்துது."

"பேச்சை மாத்தாதே. இன்னிக்கும் ஃபெயிலாக்கினா அந்த எஞ்சினைத் தூக்கி ஆத்துல போட்டுருவேன்."

"போன தடவையும் இதையேதான் சொன்னே." ஹில்டா அவர் கோப்பையில் டீயை ஊற்றினாள். "கொதிக்கிற தண்ணியை அடைச்சு வச்ச செப்புப் பானை அது. வெடிச்சா, பின்னாடி உட்கார்ந்து ஓட்டுற உன் மூஞ்சியிலதான் வெடிக்கும். அதான் இன்ஸ்பெக்டர் அவ்வளவு கறாரா இருக்காங்க."

"என் மூஞ்சியைப் பத்தி அதுக்கு என்ன கவலை?"

ஹில்டா கருகின டோஸ்டை எடுத்து நறுக்கென்று கடித்தாள்.

"பாத்திரத்துல சோப்பு சரியாவே போகல," என்றாள். "இதெல்லாம் பண்ணினா பாஸ் ஆயிடலாம்னு நினைப்பா?"

"ஏதோ ஒரு நப்பாசை."

"நடக்காது."

காரில் எஞ்சினை ஏற்றிக் கட்டுவதற்குள் சிரிலுக்கு இடுப்பு விட்டுப்போயிற்று. ஹில்டா பின்னல் பையை மடியில் வைத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தாள். கிளப் வந்ததும் அவள் இறங்கி, டீ போடும் அறைப் பக்கம் போய்விட்டாள். எஞ்சினை மேஜைமேல் தூக்கி வைக்க, கிளப் செயலர் மால்கம்தான் ஒரு கை கொடுத்தார்.

"உன் நிலைமை என் எதிரிக்கும் வரக்கூடாதுய்யா," என்றார் மால்கம்.

"வயித்தெரிச்சலைக் கிளப்பாதே."

இன்ஸ்பெக்டர் வந்தார். பழுப்பு கோட்டு, மூக்கு நுனியில் கண்ணாடி. "குட் மார்னிங், மிஸ்டர் ஹாலம்," என்பதோடு சரி, ஒரு சிரிப்பு கிடையாது. பாய்லரில் பச்சைத் தண்ணீரை நிரப்பி, பம்பை அடித்து அழுத்தத்தை ஏற்றினார். சிரில் அந்த முகத்தைப் பார்க்கவே இல்லை. அவர் கண் மீட்டர் முள்ளில் இருந்தது. இன்ஸ்பெக்டர் டார்ச்சை அடித்து ஒவ்வொரு இணைப்பாகத் தடவிப் பார்த்தார். அதோடு விட்டாரா? ஒரு தரம் பார்த்ததையே மறுபடி பார்த்தார். சிரில் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றார்.

முள் அசையவில்லை.

அடுத்து நெருப்பு மூட்டி நீராவி கட்டினார்கள். அழுத்தம் ஏறியது. வால்வு திறக்க வேண்டிய இடம் வந்ததும், புஸ்ஸென்று சரியாகத் திறந்தது.

"பாஸ், மிஸ்டர் ஹாலம்."

சிரிலுக்குக் கண் கலங்கிவிட்டது. காலையில் பிசாசு என்று திட்டிய வாய்க்கு இப்போது நன்றி சொல்ல வரவில்லை. மால்கம் அவர் முதுகில் ஓங்கித் தட்டினார். இன்ஸ்பெக்டர் கையெழுத்துப் போட்டுச் சான்றிதழை நீட்டினார். பிறகு யாருக்கும் கேட்காதபடி சிரிலின் காதருகே குனிந்தார்.

"நாளைக்கு அதுல முதல் ஆளா ஏறப்போறது நான்தான். ஆனா இன்னொரு தடவை என் ஓவன்ல பெயின்ட் காய வச்சே, அடுத்த வருஷம் ஃபெயில்தான், சொல்லிட்டேன்," என்றாள் ஹில்டா.