துணி பொய் சொல்லாது

"அக்கா, இடுப்புல கொஞ்சம் பிரிச்சு விடுங்களேன். மூச்சு முட்டுது" என்று கல்யாண கவுனை மேஜையில் வைத்தாள் அந்தப் பெண்.

தையற்காரி அவளுடைய மணிக்கட்டைப் பார்த்தாள். குச்சியாக இருந்தது.

"எலும்பும் தோலுமா நிக்கிறே, எங்கேடி பெருத்துட்டே?"

"கண்ணாடியில எனக்கும் அப்படித்தான் தெரியுது. ஆனா துணி பொய் சொல்லாதுல்ல அக்கா! காலையில ஒரு பழம், ராத்திரி வெறும் தண்ணி. அப்படியும் போட்டுப் பார்க்கிறப்போ எல்லாம் இறுகுது. அம்மாகிட்ட மட்டும் சொல்லிடாதீங்க. எனக்குத் துணையா அவங்களும் பட்டினி கிடக்கிறாங்க. தெரிஞ்சா மனசு உடைஞ்சு போயிடுவாங்க."

தையற்காரி சரியென்று தலையாட்டிவிட்டுக் கவுனை எடுத்து வைத்தாள். அந்தப் பெண் சுவரைப் பிடித்துக்கொண்டே படியிறங்கிப் போனாள்.

உடை மாற்றும் அறையின் திரை விலகியது. பெண்ணின் அம்மா வெளியே வந்தாள்.

"நல்லவேளை, போன வாரம் நீ உள்ளே பிடிச்ச தையலை அவ கண்டுபிடிக்கல."

"போதும்மா. மயங்கி விழுந்துடப் போறா, பாவம்."

"என்ன பாவம்? என் கல்யாணத்துக்கு எங்கம்மாவும் இதைத்தான் செஞ்சாங்க. கொடி மாதிரி இருக்கேன்னு ஊரே கண்ணு வெச்சுது. எங்க வீட்டுப் பொண்ணுங்களுக்கு வாயால சொன்னா ஏறாது."

"அப்போ இதை என்ன செய்யட்டும்?"

"பிரிச்சு விட்டதாச் சொல்லிட்டு, இன்னும் அரை இஞ்ச் பிடிச்சிடு."

அம்மா தன் புது உடுப்பின் இடுப்பை இழுத்துவிட்டுக்கொண்டாள்.

"என்னோடதை மட்டும் நல்லாப் பிரிச்சு விடு. சாப்பிட்டு உட்கார முடியல."