கொழுப்பு பதினெட்டு கிராம்

“போர்டைக் கழட்டச் சொல்லல சார். அந்த நம்பரை மட்டும் மாத்திக் குடுங்க, கோடிப் புண்ணியம்” என்று திருவையாற்று அசோகா அல்வாக்கடை தியாகேசன் மேசைமேல் ஓர் அட்டைப்பெட்டியை வைத்தார். அடியில் கிடந்த சுற்றறிக்கை, பார்த்துக்கொண்டிருக்கும்போதே நெய் ஊறிக் கண்ணாடி மாதிரி ஆகிவிட்டது.

உணவுப் பாதுகாப்பு அலுவலர் பரணிதரன் நிமிர்ந்து உட்கார்ந்தார். ஊரில் தொப்பை பெருகுகிறது என்று அரசாங்கம் கவலைப்பட்டு, நூறு கிராம் இனிப்பில் எவ்வளவு கொழுப்பு என்று கடை வாசல்தோறும் சிவப்பு எழுத்தில் பலகை மாட்டச் சொல்லியிருந்தது. மாட்டி ஒரு மாதம் ஆகிறது. ஜனங்கள் திருந்தினார்களா என்று அன்று சாயங்காலத்துக்குள் கலெக்டருக்கு எழுதியாக வேண்டும். திருந்தியதற்கு ஒரு ஆதாரம்கூட அகப்படாமல், மனிதர் காலையிலிருந்து பேனா மூடியைக் கடித்துக்கொண்டிருந்தார்.

“வியாபாரம் படுத்துடுச்சா?” என்றார் ஆசையாக.

“படுத்துடுச்சாவா? பாடையே கட்டியாச்சு சார்! தினம் மூணு அண்டா கிண்டுவேன். இப்ப ஒண்ணு, அதுவும் மிஞ்சுது.”

‘மூன்று அண்டா ஒன்றானது’ என்று குறித்துக்கொண்டார் பரணிதரன். எழுத்து முத்து முத்தாக விழுந்தது.

“ஜனங்க போர்டைப் படிக்கிறாங்களா?”

“படிக்காம? காவேரிக் கரையில வாக்கிங் போறவங்க இருக்காங்களே, நின்னு குனிஞ்சு படிக்கிறாங்க. ‘ச்சே’ன்னு ஒரு வார்த்தை. போயிடுறாங்க.”

‘நடைப்பயிற்சி செய்வோர் மனம் மாறினர்.’

“நேத்து ஜாஃபர் சாதிக் வந்தாரு. லீவு முடிஞ்சு ஷார்ஜா கிளம்புறப்பல்லாம் எங்கிட்டதான் அஞ்சு கிலோ கட்டுவாரு. என் போர்டை விரல் வெச்சுப் படிச்சாரு. ரோட்டைத் தாண்டி பூவம்மா கடை போர்டையும் படிச்சாரு. அங்கேயே கட்டிக்கிட்டுப் போயிட்டாரு சார்! எம் மூஞ்சியக்கூடப் பாக்கல.”

“விழிப்புணர்வு!” என்று மேசையைத் தட்டினார் பரணிதரன். திட்டம் வளைகுடா வரை சென்று சேர்ந்திருப்பதாக ஒரு வரி ஏறியது.

“சொந்தச் சம்பந்தியே கல்யாண ஆர்டரை அவளுக்குக் குடுத்துட்டாரு. எங்க தாத்தா சம்பாதிச்ச பேரு, ஒரே நம்பர்ல போச்சு. ஒரு வாய் சாப்பிட்டுப் பாத்துட்டு நீங்களே சொல்லுங்க, அது நியாயமான நம்பரான்னு.”

பரிசோதிப்பது கடமை என்பதால் அலுவலர் ஒரு விள்ளல் எடுத்து வாயில் போட்டார். நெய் மணிக்கட்டில் இறங்கி, முழங்கையில் சற்றே தயங்கி, அறிக்கைமேல் சொட்டியது. கடமையுணர்ச்சி கொஞ்சம் அதிகம் உள்ளவர். இன்னொரு விள்ளலும் எடுத்தார்.

“இங்க பாருங்க தியாகேசன். லேப்ல பதினெட்டுன்னு வந்திருக்கு. நீங்க தலைகீழா நின்னாலும் ஒரு கிராம்கூட என்னால குறைக்க முடியாது. ஜனங்க உடம்புதான் எனக்கு முக்கியம்” என்றார், விரலைச் சூப்பியபடி.

தியாகேசன் தலையில் அடித்துக்கொண்டார்.

“குறைக்கச் சொல்லி யாரு சார் அழுதா? பூவம்மாவுக்கு முப்பத்தொண்ணு போட்டிருக்கீங்க, எனக்கு நாப்பதாக் கூட்டிப் போடுங்க!”