பாலத்துக்கு அந்தப் பக்கம்

கல்லூரி டீன் ஹட்சின்ஸ் மதிப்பெண்களைத் திரையில் காட்டினார்.

"பாருங்க மார்லின். வியாபார உத்திப் பாடத்துல, வகுப்புக்கு வந்து படிக்கிற நம்ம எல்பாசோ பசங்க கோட்டை விட்டுட்டாங்க. எல்லைக்கு அந்தப் பக்கம், மெக்சிகோவில இருக்கிற ஹ்வாரெஸ்ல ஆன்லைன்ல படிக்கிறவங்கதான் முன்னாடி. இனிமே வகுப்பறையே வேண்டாம்."

பேராசிரியை மார்லினுக்கு வாதாடி வாதாடி அலுத்துவிட்டது. வகுப்புக்குப் போய் விஷயத்தைச் சொன்னார்.

முன்வரிசையிலிருந்த ஹிமேனா பதறி எழுந்தாள்.

"ஐயோ, மூடிடாதீங்க மேடம்! இங்க உக்கார்ந்திருக்கிற நாங்க எல்லாரும் ஹ்வாரெஸ்தான். தினமும் எல்லைப் பாலத்துல வரிசையில நின்னு வர்றோம். ஆன்லைன்னா ஃபீஸ் பாதிதானே? அதான் அதுல பேரைப் பதிஞ்சுட்டு இங்க வந்து உக்கார்றோம். இங்க அட்டெண்டன்ஸும் யாரும் எடுக்கறதில்லை."

மார்லின் நாற்காலியில் சாய்ந்தார்.

"அப்போ எல்பாசோ பசங்க?"

"வீட்டுல படுத்துக்கிட்டே உங்க ஆன்லைன் பாட வீடியோவைப் பார்க்கிறாங்களாம் மேடம்."