பக்கத்து சீட்டுக்காரி

“இந்த அளவு எந்த மகராசியோடது? பேரை மட்டும் சொல்லுங்க, போயிடறேன்.”

கார் சீட் தைக்கிற கடைக்குள் நுழைந்ததும் நுழையாததுமாக அந்த அம்மாள் ஒரு துண்டுச் சீட்டைத் தையல் மெஷின் மேல் அறைந்தாள். புருஷனின் சட்டையைத் துவைக்க எடுத்தபோது பையில் கிடைத்தது. கையெழுத்து அவருடையதேதான், சந்தேகமே இல்லை.

கடைக்காரர் சீட்டைக் கையில்கூட எடுக்கவில்லை. மெஷினை நிறுத்திவிட்டு, ஃபேனை அவள் பக்கம் திருப்பி, ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டார்.

“முதல்ல உக்காருங்கக்கா. என்னா வெயில்!”

“உபசாரமெல்லாம் வேணாம். முப்பத்து நாலு வருஷம் குடும்பம் நடத்தியிருக்கேன் அந்த மனுஷனோட. கழுத்து வலிக்குதுன்னா ‘தலகாணியை மாத்திப் போடு’ன்னுவார். அவருக்குத் தெரிஞ்ச வைத்தியம் அவ்வளவுதான். இங்க என்ன எழுதியிருக்கார், கேளுங்க!”

அவளே உரக்கப் படித்தாள். “பக்கத்து சீட் ஹெட்ரெஸ்ட் தலையை முன்னால் தள்ளுகிறது. தூங்கும்போது தலை என் பக்கம் சாயும், அந்தப் பக்கம் ஃபோம் அதிகம் வேண்டும். கன்னத்தில் தையல் படக் கூடாது. பசை வாசனை இருந்தால் தலைவலி வரும்.”

படித்துவிட்டு ஒரு சிரிப்பு சிரித்தாள். அதை யாரும் சிரிப்பு என்று சொல்ல மாட்டார்கள்.

“கன்னத்துல தையல் படக் கூடாதாம்! அடடா, என்ன கரிசனம்!”

“இந்த மாதிரி வண்டியில அப்படித்தாங்கக்கா. வேகமாப் போறதுக்குன்னே செஞ்ச சீட்டு, கல்லு மாதிரி இருக்கும். தூங்கறவங்களுக்கு முகவாய் நெஞ்சுல இடிக்கும்.”

வண்டி கடையின் நடுவில் நின்றிருந்தது. சிவப்பு நிற ஸ்போர்ட்ஸ் கார், மொத்தமே இரண்டு சீட். ரிட்டயர் ஆன கையோடு அவர் அதை ஓட்டிக்கொண்டு வந்தபோது, ‘பேரன் எடுக்கற வயசுல பந்தயக் கார் கேக்குதா’ என்று தெருவே சிரித்தது. அவளும் சேர்ந்துதான் சிரித்தாள். இரண்டே சீட்டுள்ள காரை ஒரு ஆம்பளை எதற்கு வாங்குவான் என்று அப்போதே யோசித்திருக்க வேண்டாமோ என்று இப்போது நெற்றியில் அடித்துக்கொண்டாள்.

கடைக்காரர் உள்ளே போய் ஃபோனில் ஏதோ பேசிவிட்டு வந்து, ஃபிளாஸ்க்கிலிருந்து டீ ஊற்றிக் கொடுத்தார். சர்க்கரை போடாத டீ, அவள் வழக்கமாகக் குடிக்கிற மாதிரியே. இருந்த ஆத்திரத்தில் பாதியை ஒரே மூச்சில் குடித்துவிட்டாள்.

“அவ இங்க வந்திருக்காளா?”

“வந்திருக்காங்க.”

“யாரு?”

“நான் சொன்னா நம்ப மாட்டீங்கக்கா. சாருக்கு ஃபோன் போட்டுட்டேன், வந்துடுவார். கார் ஓடினாத்தான் அவங்களுக்குத் தூக்கமே வருதாம். வீட்டுல படுத்தா விடிய விடிய முழிச்சிருக்காங்களாம். பாவம், சார்தான் ஊரைச் சுத்திச் சுத்தி வர்றார்.”

“எந்த வீட்டுல?”

கடைக்காரர் நாக்கைக் கடித்துக்கொண்டார்.

“அழகா இருப்பாளா?”

“சார் கண்ணுக்கு அவங்களை விட்டா இந்த உலகத்துல வேற ஆளே இல்லைக்கா.”

அவ்வளவு நேரம் கத்தியதெல்லாம் எங்கே போனதென்றே தெரியவில்லை. எழுந்து போய்க் கார் கதவைத் திறந்தாள்.

“அவளுக்கு என்னதான் செஞ்சு குடுத்திருக்கார்னு நானும் பாக்கறேன்.”

கடைக்காரர் தடுக்கவில்லை. தாழ்வான வண்டி. குனிந்து, முட்டியைப் பிடித்துக்கொண்டு ஒருவழியாக உட்கார்ந்தாள். தலையைச் சாய்த்தாள். புது ஃபோம் கழுத்தைப் பதமாக ஏந்திக்கொண்டது. முகவாய் குனியவில்லை. கன்னத்தில் மெத்தென்ற துணி மட்டும்தான் பட்டது.

அவளுக்கு அழுகை வந்துவிட்டது.

“குடுத்து வச்சவ. யார் பெத்த பொண்ணோ, நல்லாக் குடுத்து வச்சவ. என்னை ஒரு நாள், ஒரே ஒரு நாள் இப்படி நினைச்சுப் பாத்திருந்தா போதுமே தம்பி.”

கடைக்காரர் முகத்தைத் திருப்பிக்கொண்டு, தேவையே இல்லாமல் கத்தரிக்கோலைத் தேடினார்.

புருஷன் மூச்சு வாங்க ஓடி வந்தார். சட்டைப் பித்தான் ஒன்று மாற்றி மாட்டியிருந்தது. காலில் ஜோடி மாறிய இரண்டு செருப்பு. கடைக்காரரைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு, கார் கதவருகே தரையில் மண்டியிட்டார்.

வைவாள், அடித்தாலும் அடிப்பாள் என்று கடைக்காரர் பயந்தார். அவள் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“சண்டை போட மாட்டேங்க. சத்தியமா ஊரைக் கூட்ட மாட்டேன். நானே ஒதுங்கிக்கறேன். அவ யாருன்னு மட்டும் சொல்லிடுங்க.”

அவர் சட்டைக் கையால் அவள் கன்னத்தைத் துடைத்தார்.

“நீதாம்மா. நேத்தும் கேட்டே, நீதான்னு சொன்னேன்.”